சிறிய கேம்பர் டிரெய்லரில் படுக்கை: வாங்குமுன் அளக்க வேண்டியவை

கனடாவிலும் அமெரிக்காவிலும் வசிக்கும் வாசகர்களிடமிருந்து கோடை முகாம் குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை படுக்கையைப் பற்றியே இருந்ததால், இந்த முறை அவற்றுக்கு மட்டும் விடை அளிக்கிறேன். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் 13 அடி முதல் 18 அடி வரையிலான சிறிய டிரெய்லர்களை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: சென்ற ஆண்டு 16 அடி நீளமுள்ள பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். படுக்கை குயின் அளவு என்று விற்றவர் கூறினார். ஆனால் எங்கள் வீட்டுக் குயின் மெத்தைக்கான ஃபிட்டட் ஷீட்டை (ஓரங்களில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பை) விரித்தால் அது நடு இரவுக்குள் சுருண்டு முதுகுக்கு அடியில் திரண்டுவிடுகிறது. படுக்கையின் மூன்று பக்கமும் சுவர் இருப்பதால் ஒவ்வொரு காலையும் அதைச் சரிசெய்வது பெரும்பாடாக இருக்கிறது. எந்த விரிப்பை வாங்கலாம்? (வாசகி, மார்க்கம், ஒன்டாரியோ)

பதில்: வீட்டுக் குயின் மெத்தை 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உடையது. டிரெய்லர் தயாரிப்பாளர்கள், உள்ளே நடப்பதற்குச் சிறிது இடம் விட வேண்டியிருப்பதால், அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை 75 அங்குலமாகவோ 74 அங்குலமாகவோ குறைத்துவிடுகிறார்கள். கடைகளில் அது ஷார்ட் குயின் என்றும் ஆர்வி (முகாம் வாகன) குயின் என்றும் விற்கப்படுகிறது. விற்றவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. என்றாலும் வீட்டு விரிப்பில் உங்களுக்கு 5 அங்குலம் மிஞ்சுகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை தடிமனில் இருக்கிறது. இப்போது விற்கப்படும் வீட்டு மெத்தைகள் 10 முதல் 14 அங்குலம் வரை தடிமனாக இருப்பதால், அவற்றுக்கான விரிப்புகளின் பக்கத் துணி 15 அங்குலம் வரை ஆழமாகத் தைக்கப்படுகிறது. உங்கள் டிரெய்லரில் இருப்பது பெரும்பாலும் 4 அல்லது 5 அங்குல ஃபோமாக இருக்கும். எஞ்சிய 10 அங்குலத் துணியும் மெத்தைக்கு அடியில் தொளதொளவென்று கிடப்பதால் எலாஸ்டிக்குக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. இரவில் நீங்கள் புரளும்போது மேலே வருவது அந்தத் துணிதான். ஆகவே கடைக்குச் செல்லும்முன் மெத்தையின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மெத்தை கிடக்கும் பலகையை அளந்து பயனில்லை, மெத்தையையே அளக்க வேண்டும். அதன் மூலைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். நடைபாதைப் பக்கத்து மூலையை முழங்கால் இடிக்காமல் இருப்பதற்காகச் சில நிறுவனங்கள் வளைத்துவிடுகின்றன.

ஷார்ட் குயின் என்று அச்சிட்ட விரிப்பை வாங்குவது நேரான வழி. ஆனால் அதிலும் பக்கத் துணியின் ஆழம் எவ்வளவு என்று உறையில் படித்துப் பார்த்து, 8 முதல் 10 அங்குலத்துக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலை வளைந்த மெத்தையாக இருந்தால், நெய்த பருத்தியை விட டி-ஷர்ட் துணி வகையைச் சேர்ந்த பின்னல் துணி விரிப்பு நன்றாகப் பொருந்தும். அது இழுத்த இழுப்புக்கு விரிந்து, விட்டதும் சுருங்கி மெத்தையைப் பற்றிக்கொள்கிறது. இரண்டும் கிடைக்கவில்லை என்றால், வீட்டில் இருக்கும் பழைய விரிப்பையே தையற்காரரிடம் கொடுத்துக் கால்பக்கத்தில் 5 அங்குலத்தை எடுத்துவிட்டு, பக்கத் துணியையும் குறைத்து, எலாஸ்டிக்கைத் திரும்பத் தைத்துத் தரச் சொல்லலாம். என் கணிப்பில் இதுவே சிக்கனமானதும் நீடித்து உழைப்பதுமான வழி. நூல் எண்ணிக்கை 800, 1000 என்று விளம்பரப்படுத்தப்படும் விரிப்புகளுக்கு இங்கே பணம் கொடுக்க வேண்டாம். முகாமில் மணலும் ஈரமும் படும் துணி அடிக்கடி துவைபட வேண்டும், விரைவில் உலரவும் வேண்டும். அதற்குச் சாதாரணப் பருத்தியோ பருத்தி கலந்த துணியோ போதும்.

மூன்று பக்கச் சுவர் பற்றி நீங்கள் குறிப்பிட்டது முக்கியமானது. மெத்தையின் மேலேயே மண்டியிட்டபடி அதன் அடியில் துணியைச் செருக முயன்றால், உங்கள் உடல் எடையே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். 5 அங்குல ஃபோமை எளிதாக வளைக்கலாம் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தரையில் நின்றபடியே சுவரோரப் பாதியை உங்களை நோக்கித் தூக்கி மடக்கி, அந்தப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் விரிப்பை முதலில் மாட்டுங்கள். பிறகு மெத்தையைத் தன் இடத்தில் விழவிட்டு, துணியை உங்கள் பக்கம் இழுத்து மற்ற இரண்டு மூலைகளையும் மாட்டுங்கள். டிரெய்லருக்குள் மங்கலான வெளிச்சத்தில் விரிப்பின் நீளப் பக்கம் எது, அகலப் பக்கம் எது என்று தெரியாமல் இரண்டு முறை சுற்றித் திருப்ப நேரும். தலைப்பக்கத்து மூலைகள் இரண்டிலும் வண்ண நூலால் நான்கு தையல் போட்டுவைத்தால் கை தொட்டதும் தெரிந்துவிடும். மேலே போர்த்துவதற்குத் தனி விரிப்பு, கம்பளி, அதன் மேல் இன்னொரு போர்வை என்று அடுக்காமல், கழற்றித் துவைக்கக்கூடிய உறை போட்ட ஒரே ஒரு கனத்த போர்வையை வைத்துக்கொள்வது நல்லது. காலையில் அதை உதறி விரித்தால் படுக்கை தயார்.

கேள்வி: இந்த ஆண்டு எங்களுடன் அம்மாவும் வருகிறார், அவருக்கு வயது 70. டிரெய்லரில் ஒரு நிலையான படுக்கையும், மேசையை இறக்கிப் படுக்கையாக மாற்றும் இருக்கையும் உள்ளன. மேசைப் படுக்கைக்கு நல்ல மெத்தை வாங்கி அம்மாவை அதில் படுக்க வைக்கலாமா? (வாசகர், பிராம்ப்டன், ஒன்டாரியோ)

பதில்: மெத்தையைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அம்மா இரவில் எப்படி எழுந்து செல்வார் என்பதை யோசியுங்கள். நிலையான படுக்கை சுவரோடு சுவராக அமைந்திருந்தால் உட்புறம் படுப்பவர் வெளிப்புறம் படுப்பவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். அந்த உள் இடம் அவருக்கு நிச்சயமாக ஆகாது. வெளிப்புற இடத்தை அவருக்குக் கொடுக்க முடியுமானால், அதாவது உங்கள் மனைவியோ மகளோ உட்புறம் படுத்து, நீங்கள் மேசைப் படுக்கைக்குச் செல்ல முடியுமானால், அதுவே சிறந்த ஏற்பாடு. அப்படியும் ஒரு சிறு சோதனை தேவை: படுக்கை விளிம்பில் அவர் உட்காரும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். சிறிய டிரெய்லர்களில் அடியில் பொருள் வைக்கும் பெட்டிக்காகப் படுக்கையை உயர்த்தியிருப்பார்கள். நீங்கள் அதன்மேல் இன்னும் 4 அங்குலம் சேர்த்தால் அவர் குதித்து இறங்க வேண்டியிருக்கும்.

மேசைப் படுக்கைதான் அவருக்கு என்று முடிவானால், அதன் அமைப்பை முதலில் சோதியுங்கள். மேசைப் பலகை இருபுற இருக்கைகளின் உள்விளிம்பில் உள்ள மரச்சட்டத்தில் அமர்ந்து, அதன்மேல் முதுகு மெத்தைகள் நிரப்பப்படுகின்றன. பழைய டிரெய்லர்களில் அந்தச் சட்டத்தின் திருகாணிகள் தளர்ந்திருக்கும். நீங்களே பலகையின் நடுவில் முழு எடையோடு உட்கார்ந்து, அசைகிறதா, சட்டம் சுவரிலிருந்து விலகுகிறதா என்று பாருங்கள். அடுத்ததாக மெத்தைகளுக்கு இடையிலான இடைவெளிகள். இருக்கை மெத்தைகள் பல ஆண்டுகள் உட்கார்ந்து தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும், முதுகு மெத்தைகளோ தேயாமல் இருக்கும். இந்த உயர வேறுபாடுதான் காலையில் இடுப்பு வலியாக வெளிப்படுகிறது. இருக்கை மெத்தைகளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே பாதிக் குறை தீரும். அதன்மேல் 2 அல்லது 3 அங்குல மேல்மெத்தை ஒன்றை விரித்தால் இடைவெளிகள் மறையும். அது மூன்றாக மடியக்கூடியதாக இருக்கட்டும். சுருட்டும் வகையைப் பகலில் வைக்க உங்களுக்கு இடம் இராது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசைப் படுக்கையை இரவில் அமைத்துக் காலையில் கலைப்பது உங்களுக்கு வேலை, அம்மாவுக்கோ அது பகல் முழுவதும் படுக்க இடமில்லாத நிலை. வயதானவர் மதியம் சற்று சாய்ந்துகொள்ள விரும்பினால் இருவருக்கும் சங்கடமாகிவிடும். ஆகவே பயணம் முழுவதும் அதைப் படுக்கையாகவே விட்டுவிட்டு, ஒரு மடக்கு மேசையும் நான்கு மடக்கு நாற்காலிகளும் வாங்கி வெளியே கூரைத்துணியின் கீழ் சாப்பிடுங்கள். அந்தச் செலவு விலையுயர்ந்த மெத்தைக்கான செலவை விடக் குறைவு, அம்மாவுக்குக் கிடைக்கும் பயனோ அதிகம். விளம்பரத்தில் நால்வர் உறங்கலாம் என்று போட்டிருப்பதை நம்பி டிரெய்லர் வாங்க நினைக்கும் மற்ற வாசகர்களும், அந்த நால்வரில் இருவர் தினந்தோறும் கலைக்கப்படும் படுக்கையில்தான் உறங்குவார்கள் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: செப்டம்பர் மாத முகாமுக்குப் பிறகு மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடிப்பகுதியில் கருப்புப் புள்ளிகளும் பலகையில் ஈரமும் இருந்தன. கூரை ஒழுகவில்லை. மெத்தை தரக்குறைவானதா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? (வாசகர், ஒட்டாவா)

பதில்: மெத்தையின் மேல் குற்றம் இல்லை. அந்த ஈரம் உங்களிடமிருந்தே வந்தது. உறங்கும்போது மூச்சிலும் தோலிலும் வெளியேறும் நீராவி, இருவருக்கு ஓர் இரவில் ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்கு வரும். அதில் ஒரு பகுதி ஃபோமின் வழியாகக் கீழே இறங்கி, வெளிக்குளிரால் சில்லிட்டிருக்கும் பிளைவுட் பலகையைத் தொட்டதும் நீராக மாறுகிறது. கருப்புப் புள்ளிகள் அந்த ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை. அவை எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று பாருங்கள்; தோளும் இடுப்பும் அழுத்தும் இடங்களிலும், சுவரை ஒட்டிய விளிம்பிலும்தான் அவை மிகுதியாக இருக்கும். இதைக் கொண்டே ஒழுகலா, உடல் ஈரமா என்று பிரித்தறியலாம்; ஒழுகல் என்றால் கறை சுவரிலிருந்தோ சன்னலுக்குக் கீழிருந்தோ தொடங்கிக் கோடாக இறங்கியிருக்கும்.

குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரியும்போது 1.6 கிலோவுக்கும் மேற்பட்ட நீராவி உருவாகிறது. அது முழுவதும் உங்கள் அறைக்குள்ளேயே தங்குகிறது. அதைவிட முக்கியமாக, மூடிய டிரெய்லரில் அடுப்பை எரியவிட்டு உறங்குவது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்தாகும். புகையை வெளியே அனுப்பும் குழாயுடன் பொருத்தப்பட்ட ஹீட்டர் அப்படி ஈரத்தை உள்ளே விடுவதில்லை. எந்த ஹீட்டர் இருந்தாலும் கூரைத் திறப்பையும் எதிர்ப்புறச் சன்னலையும் ஒரு விரல் அகலமாவது திறந்து வைத்து உறங்குங்கள். குளிர் உள்ளே வரும் என்று அஞ்சுவோர் பலர். ஈரமான படுக்கை தரும் குளிர் அதைவிட மோசமானது என்பதை ஓர் இரவிலேயே உணர்வார்கள்.

அடுத்தது மெத்தைக்கு அடியில் காற்று செல்ல வழி. மெத்தையின் கீழ் விரிப்பதற்கென்றே அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குல உயரமுள்ள, முறுக்கிய நைலான் இழைகளாலான வலைப்பாய்கள் விற்கப்படுகின்றன; படகுகளில் பயன்படுத்துவதற்காக வந்த இவை டிரெய்லருக்கும் மிகவும் பொருத்தமானவை. உங்கள் நிலையில் நான் முதலில் பணம் செலவழிப்பது இதற்குத்தான், புதிய மெத்தைக்கு அல்ல. மரச்சட்டங்களை இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் அடித்தும் இதே பயனைப் பெறலாம், ஆனால் எடை கூடும். பலகைக்கும் மெத்தைக்கும் இடையே பிளாஸ்டிக் தாளை விரிப்பது மட்டும் வேண்டாம். நீர் பிளாஸ்டிக்கின் மேல் தேங்கி நேராக ஃபோமுக்குள் ஏறும்.

எழுந்தவுடன் போர்வையை இழுத்து மூடிப் படுக்கையை அழகாக்குவதும் இங்கே பொருந்தாத வழக்கம். போர்வையை முழுவதும் விலக்கி, மெத்தையின் ஒரு பக்கத்தை ஒரு தலையணையால் முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டு, காலை உணவு முடிந்த பிறகு படுக்கையைச் சரிசெய்யுங்கள். பலகையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிட்டால் போதும். மெத்தை உறையைத் துவைக்கலாம். ஆனால் புள்ளிகள் ஃபோமுக்குள்ளேயே இறங்கியிருந்தால் அதைத் தூய்மைப்படுத்த வழியில்லை. மூச்சுத்தொல்லை உள்ளவர் வீட்டில் இருந்தால் தயங்காமல் அகற்றிவிடுங்கள். இத்தகைய ஈரக்கறை பயன்பாட்டில் நேர்ந்ததாகவே கருதப்படும், மெத்தை உத்தரவாதங்கள் பொதுவாகக் கறைபட்ட மெத்தைகளை ஏற்பதுமில்லை. கடையில் திருப்பிக் கொடுக்கும் நம்பிக்கை வேண்டாம்.

கேள்வி: வீட்டில் உபரியாக ஒரு மெமரி ஃபோம் மெத்தை இருக்கிறது. இதை வெட்டி டிரெய்லர் அளவுக்கு ஆக்கிக்கொண்டால் செலவு மிச்சமாகும் என்கிறார் நண்பர். வெட்டலாமா? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மெத்தையில் தைக்கப்பட்டிருக்கும் வெள்ளைச் சீட்டைப் படிக்காமல் கத்தியை எடுக்காதீர்கள். அமெரிக்காவில் விற்கப்படும் மெத்தைகள் திறந்த சுடரைத் தாங்க வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைந்த செலவில் இதை நிறைவேற்றுவதற்காகச் சில நிறுவனங்கள் ஃபோமைச் சுற்றிக் கண்ணாடி இழை கலந்த ஓர் உள்ளுறையைப் போடுகின்றன. மேலுறை மூடியிருக்கும் வரை அது வெளியே வராது. வெட்டினாலோ, மேலுறையைக் கழற்றித் துவைத்தாலோ, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இழைகள் பறந்து துணியிலும் தரையிலும் காற்றுக் குழாய்களிலும் படிந்து, தோலில் அரிப்பையும் கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலையும் உண்டாக்கும். டிரெய்லர் போன்ற சிறிய அறையிலிருந்து அவற்றை முழுவதும் நீக்குவது மிகக் கடினம். சீட்டில் கண்ணாடி இழை என்று இருந்தாலும், உள்ளுறையின் பொருள் தெளிவாக இல்லாவிட்டாலும், வெட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். கலிபோர்னியா மாநிலம் 2027 ஜனவரி முதல் மெத்தைகளில் கண்ணாடி இழையைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியிருக்கிறது என்பதிலிருந்தே இது சிறிய விஷயமல்ல என்பது விளங்கும்.

கண்ணாடி இழை இல்லை என்றாலும் மெமரி ஃபோம் குளிரில் விறைத்துப்போகும் தன்மையுடையது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முகாம் செல்பவர் என்றால், உங்கள் உடல் வெப்பத்தால் அது இளகும் வரை பலகையில் படுத்தது போலவே இருக்கும். ஃபோம் விற்கும் கடையில் உங்கள் அளவுக்குச் சாதாரணப் பாலியூரித்தேன் ஃபோமை வெட்டி வாங்குவது நல்லது. அங்கே மென்மையை மட்டும் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாமல் அடர்த்தியைக் கேளுங்கள். கன அடிக்கு 1.8 பவுண்டுக்குக் குறைந்த ஃபோம் தொடக்கத்தில் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் விரைவில் குழிந்துவிடும். வளைந்த மூலை இருந்தால் செய்தித்தாளை மெத்தை இருக்கும் இடத்தில் விரித்து, வடிவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு செல்லுங்கள். அளவுக்கு வெட்டிய பொருளைக் கடைகள் திரும்பப் பெறுவதில்லை என்பதால் இந்தக் காகித அச்சு உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு.

கேள்வி: விரிப்பும் போர்வையும் ஜிப்பால் இணைந்த ஒரே பையாக விற்கப்படும் படுக்கைத் தொகுப்புகள் விலைக்குத் தகுந்தவையா? (வாசகி, கால்கரி)

பதில்: ஒருவர் மட்டும் படுக்கும் இடங்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளின் அடுக்குப் படுக்கைக்கு, அவை தகுந்தவை; ஜிப்பை இழுத்தால் படுக்கை ஒழுங்காகிவிடுகிறது, எட்டாத மூலையில் எதையும் செருக வேண்டியதில்லை. இருவர் படுக்கும்போது ஒருவருக்குப் புழுக்கமும் மற்றவருக்குக் குளிரும் இருந்தால் சிக்கலாகும். உட்புற விரிப்பு தனியே கழன்று வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழலாத வகையைத் துவைக்கப் பெரிய சலவை இயந்திரம் வேண்டும், அது முகாம்களில் எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி: அடுக்குப் படுக்கையில் எங்கள் 5 வயது மகனுக்கு மெத்தை மிக மெலிதாக இருக்கிறது. 6 அங்குல மெத்தை வாங்கலாமா? (வாசகர், மிசிசாகா, ஒன்டாரியோ)

பதில்: வாங்க வேண்டாம். தடிமன் கூடக்கூடப் பக்கத் தடுப்பின் பயன்படும் உயரம் குறையும். வீட்டு அடுக்குக் கட்டில்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி, மெத்தையின் மேற்பரப்பிலிருந்து தடுப்பின் மேல்விளிம்பு குறைந்தது 5 அங்குலம் உயரமாக இருக்க வேண்டும் என்கிறது; டிரெய்லரிலும் அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேல் அடுக்கில் படுக்க வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அத்தகைய கட்டில்களில் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே மகன் மேல் அடுக்கில் படுக்கிறான் என்றால் கீழ் அடுக்குக்கு மாற்றுங்கள். 5 வயதுப் பிள்ளையின் எடைக்கு அடர்த்தியான 3 அங்குல ஃபோமே தாராளம். டிரெய்லரின் அடுக்குப் படுக்கைகள் 28 அங்குலம், 30 அங்குலம், 34 அங்குலம் என்று வெவ்வேறு அகலங்களில் வருவதால், அதையும் டேப்பால் அளந்த பிறகே வாங்குங்கள்.